மருத்துவமனை ஊழியரின் மனச்சோர்வையும் தூக்கக் குறைபாட்டையும் மதிப்பிடுவது எப்படி

மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவர், செவிலியரோ பயிற்சி மருத்துவரோ ஆய்வக ஊழியரோ துப்புரவுப் பணியாளரோ, "தூக்கமே பிடிப்பதில்லை, எதிலும் ஒட்டவில்லை" என்று சொல்லி உங்கள் முன் அமர்கிறார். எங்கே தொடங்குவது, எதைக் கேட்பது, எதை அளப்பது, எந்தக் கட்டத்தில் காத்திருக்காமல் உடனே செயல்படுவது என்பதை இத்துறைக்குப் புதிதாக வந்துள்ள மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதலில் ஒரு சொல்லைச் சீர்செய்துகொள்ள வேண்டும். 'மன அழுத்தம்' என்பதைச் சிலர் வேலைச்சுமையால் வரும் நெருக்கடிக்கும், சிலர் டிப்ரஷன் என்ற நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். அதனால் வருபவர் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று தெரியாமலேயே அரை மணி நேரம் பேசிவிட முடியும். இங்கே நெருக்கடியை மன அழுத்தம் என்றும், நோயை மனச்சோர்வு என்றும் குறிப்பிடுகிறேன். எதிரில் இருப்பவர் எந்தச் சொல்லைக் கையாண்டாலும், "அப்படிச் சொல்லும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது?" என்று கேட்டு, அவருடைய விவரிப்பையே குறித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்கு முன்

இரவுப் பணி முடித்த கையோடு வருபவரை முழுமையாக மதிப்பிட முயல வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நிலையில் நிரப்பப்படும் எந்த வினாத்தாளும் களைப்பைத்தான் பெரிதும் அளக்கும். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் அன்றே கேட்டுவிட்டு, ஓர் இரவாவது தூங்கியபின் வரும் நாளில் மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் அவருடைய மேலதிகாரியாகவோ அதே வார்டில் உடன் வேலை பார்ப்பவராகவோ இருந்தால் மதிப்பீட்டை வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை. மருத்துவமனை ஊழியர்கள் உதவி தேடத் தயங்குவதற்குப் பெரிய காரணம் செய்தி பரவிவிடும் என்ற அச்சம். அதே மருத்துவமனையின் கணினிப் பதிவேட்டில் தம் பெயர் ஏறினால் யாரெல்லாம் திறந்து பார்க்க முடியும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எந்தச் சூழ்நிலையில் இரகசியத்தை மீற நேரும் என்ற மூன்றையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் மீற நேரும் என்பதைப் பின்னால் சொல்வதைவிட முன்னால் சொல்வதே நம்பிக்கையைக் காக்கும்.

பேச்சைத் தொடங்குதல்

மற்றவர்களிடம் இல்லாத ஒரு சிக்கல் இவர்களிடம் உண்டு. இவர்கள் நோயின் மொழி அறிந்தவர்கள். "மைல்டு டிப்ரஷன், கொஞ்சம் இன்சோம்னியா, அவ்வளவுதான்" என்று நோயறிதலைத் தாங்களே செய்து, மருந்துச்சீட்டை மட்டும் எதிர்பார்த்து வருவார்கள். வினாத்தாளின் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் ஆபத்து மணியை அடிக்கும் என்பதும் தெரியும் என்பதால், அந்த இடத்தில் லாவகமாகப் பூஜ்யத்தைக் குறித்துவிட்டுப் போவார்கள். ஆகவே நோயின் பெயர்களை ஒதுக்கிவிட்டு நாளைக் கேளுங்கள்: "நேற்று எழுந்ததிலிருந்து படுத்ததுவரை எப்படிப் போனது என்று சொல்லுங்கள்." சாப்பாட்டை மறந்தது, பேருந்தில் அழுதது, கைப்பேசி அழைத்தாலே நெஞ்சு படபடத்தது என்று, எந்த வினாத்தாளிலும் வராத செய்திகள் இந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வரும்.

தூக்கத்தை டியூட்டி சார்ட்டோடு சேர்த்துப் பாருங்கள்

என் பார்வையில் முழு மதிப்பீட்டிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்ற வழக்கமான கேள்வி ஷிப்ட் முறையில் வேலை செய்பவரிடம் பொருளற்றுப் போகிறது. எந்த இரவு என்று அவர் திருப்பிக் கேட்பார், அல்லது சராசரியாக ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார். கடந்த நான்கு வாரங்களின் டியூட்டி சார்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன்மேல் எந்தெந்த நேரத்தில் படுத்தார், ஏறத்தாழ எப்போது தூங்கினார், எத்தனை முறை விழித்தார், எப்போது எழுந்தார் என்று நினைவிலிருந்து குறிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களுக்கு அதையே நாட்குறிப்பாக எழுதிவரச் சொல்லுங்கள். அந்த 14 நாட்களில் இரவுப் பணி நாட்களும், பகல் பணி நாட்களும், ஆஃப் நாட்களும் இடம்பெற வேண்டும்.

நாட்குறிப்பிலிருந்து முதலில் கணக்கிட வேண்டியது தூக்கத் திறன்: உண்மையில் தூங்கிய நிமிடங்களைப் படுக்கையில் கழித்த நிமிடங்களால் வகுத்து நூறால் பெருக்குவது. 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நன்று என்று கொள்வார்கள். ஆனால் மொத்தச் சராசரி நமக்கு உதவாது. ஒவ்வொரு வகை நாளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். மூன்று கற்பனை நாட்குறிப்புகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் இரவுப் பணி முடிந்து காலை 9 மணிக்குப் படுத்து மாலை 3 மணிக்கு எழுகிறார். 360 நிமிடங்களில் 270 நிமிடம் தூங்குகிறார், அதாவது 75 சதவீதம். ஆஃப் நாளிலோ எட்டு மணி நேரப் படுக்கையில் 440 நிமிடம் தூங்குகிறார், 92 சதவீதம். இவருடைய தூங்கும் திறன் கெட்டுப்போகவில்லை. உடற்கடிகாரம் விழித்திருக்கச் சொல்லும் வேளையில் தூங்க முயல்கிறார். இந்த நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, தொல்லையும் கொடுத்தால் ஷிப்ட் பணித் தூக்கக் கோளாறு என்று எண்ண வேண்டும்.

இரண்டாமவர் ஆஃப் நாளில், அமைதியான அறையில், எட்டு மணி நேரம் படுத்தும் 330 நிமிடம்தான் தூங்குகிறார், 69 சதவீதம். வேலை நாளிலும் ஏறத்தாழ அதே கதை. டியூட்டி சார்ட் மாறியும் தூக்கம் மாறவில்லை என்றால் தூக்கமின்மை நோயோ மனச்சோர்வோ இரண்டுமோ இருக்கலாம். வாரத்துக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாவது, தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமல், அதனால் பகல் வாழ்க்கையும் கெட்டால்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்ற பெயர் பொருந்தும்.

மூன்றாமவருக்குத் திறன் 95 சதவீதம், ஆனால் படுக்கையில் இருப்பதே ஐந்து மணி நேரம். இரட்டை டியூட்டி, வீட்டில் சிறு குழந்தை, நீண்ட பயணம். இவருக்குத் தூக்கம் வருகிறது, தூங்க நேரம்தான் இல்லை. இவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பது, பசியோடு இருப்பவருக்குச் செரிமான மருந்து கொடுப்பதைப் போன்றது.

'வாய்ப்பிருந்தும்' என்ற அந்த ஒரு சொல்லைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாய்ப்பே இல்லாதவருக்குத் தூக்கமின்மை நோய் என்று எழுதிவிட்டால், பணிநேரத்தில் இருக்கும் கோளாறு அவருடைய உடலின் கோளாறாகப் பதிவாகிவிடும்.

நாட்குறிப்போடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. காஃபீனின் பாதியளவு உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், விடியற்காலை 4 மணிக்குத் தூக்கத்தை விரட்டக் குடித்த காபி, 9 மணிக்குப் படுக்கும்போதும் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றதை உடன் இருப்பவர் பார்த்தது, பகலில் கட்டுக்கடங்காத உறக்கம் ஆகியவை இருந்தால் மூச்சுத்தடைக் கோளாறைத் தேட வேண்டும். எட்டுக் கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பேங் வினாத்தாள் இதற்குப் போதும், மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்றால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குறுகுறுப்பு, எழுந்து நடந்தால் தணிவது என்று சொன்னால் இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் சிலவே இந்தத் தொல்லையைக் கூட்டிவிடும் என்பதால் சிகிச்சைக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கண்ணை மூடினால் இறந்த நோயாளியின் முகம் வருகிறது, வீட்டில் இருக்கும்போதும் மானிட்டர் ஒலி கேட்பது போலிருக்கிறது என்றால், அங்கே அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடிக் கோளாறுக்கான கேள்விகள் வேண்டும்.

மனநிலையைக் கேட்டல்

மனச்சோர்வு என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து ஏறத்தாழ நாள் முழுதும், ஏறத்தாழ எல்லா நாளும், இரண்டு வாரங்களுக்கு இருக்க வேண்டும்; அவற்றுள் வாடிய மனநிலையோ, ஈடுபாடும் இன்பமும் அற்றுப்போவதோ கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 வகுத்த வரையறை. தூக்கமும் களைப்பும் பசியும் கவனமும் இந்த ஒன்பதுக்குள் வந்தாலும், அவை நான்கும் ஷிப்ட் வேலையாலேயே கெடக்கூடியவை. ஆகவே எடை போட வேண்டியது மற்றவற்றை: இன்பம் அற்றுப்போனதா, தன்னைப் பற்றி இழிவாக எண்ணுகிறாரா, அளவுக்கு மீறிய குற்றவுணர்வு உண்டா, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா.

இன்பமின்மையைக் கேட்கவும் ஆஃப் நாள்தான் சரியான இடம். "கடைசியாக இரண்டு நாள் விடுப்பு கிடைத்தபோது, நன்றாகத் தூங்கி எழுந்தபின், என்ன செய்யத் தோன்றியது?" என்று கேளுங்கள். பிடித்தவர்களைப் பார்க்கப் போனேன், பாட்டுக் கேட்டேன், மறுநாள் டியூட்டியை நினைத்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது என்பவர், பெரும்பாலும் பணிச்சோர்வின் பக்கம் நிற்கிறார். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும் ஒன்றும் தோன்றவில்லை, அதற்காகவும் என்னையே வெறுத்தேன் என்பவரிடம் மனச்சோர்வைத் தேட வேண்டும். விடுப்பில் எல்லாரும் தேறுவதில்லை என்பதால் இதை ஒரு சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

பணிச்சோர்வு, அதாவது பர்ன்அவுட், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் நோயாக இடம்பெறவில்லை. சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி நெருக்கடியால் எழும் நிலை என்றே அங்கே விளக்கப்படுகிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்படைவது, தன் திறமையில் நம்பிக்கை குறைவது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். ஊழியர்கள் இந்தச் சொல்லை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது: பர்ன்அவுட் என்றால் பழி வேலையின்மேல் விழும், டிப்ரஷன் என்றால் தன்மேல் விழும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பை மதிக்கலாம். ஆனால் அதற்கு இசைந்து, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வைப் பணிச்சோர்வு என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு.

அண்மையில் ஏதேனும் தவறு நேர்ந்ததா, நோயாளி இறப்பு, புகார், விசாரணை, வார்டில் தாக்குதல் ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். தவறு செய்த மருத்துவப் பணியாளரும் உள்ளுக்குள் காயப்படுகிறார் என்பதைச் சுட்ட 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்ற தொடர் 2000ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வருகிறது. இந்த நிகழ்வைப் பெரும்பாலோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கேள்வியை ஒருபோதும் விடக் கூடாது. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் இருப்பது வேறு. மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பின்றி, வழக்கத்துக்கு மாறான வேகத்தோடும் பேச்சோடும் திட்டங்களோடும் சில நாட்கள் கழிந்ததுண்டா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் அப்படி இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் அது மனநிலை மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தொடங்குவது அவரை மிகை எழுச்சிக்குத் தள்ளிவிடலாம். தொடர் இரவுப் பணியே அத்தகைய எழுச்சியைத் தூண்டிவிடவும் கூடும்.

அளவுகோல்கள்

பேசி முடித்தபின்தான் வினாத்தாள். மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 போதுமானது: ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. மதிப்பெண் 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் மிதமும் கடுமையும் கலந்தது, 20 முதல் கடுமையானது. தூக்கமின்மைக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஐஎஸ்ஐ அளவீடு; மொத்தம் 28, அதில் 15 முதல் மருத்துவக் கவனம் தேவைப்படும் தூக்கமின்மை. பகல் உறக்கத்துக்கு எப்வொர்த் அளவுகோல்; 24இல் 10க்கு மேல் போனால் கவலைக்குரியது. பிட்ஸ்பர்க் தூக்கத்தர அளவீடு பெயர்பெற்றதுதான் என்றாலும், கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்கிறது. வாரந்தோறும் ஷிப்ட் மாறுபவருக்கு வழக்கம் என்று ஒன்று இல்லாததால் இவர்களிடம் நான் அதைத் தவிர்ப்பேன். எதை எடுத்தாலும் அவருடைய தாய்மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவத்தைத் தேடிக் கொடுங்கள்.

பிஎச்க்யூ-9இல் ஒரு பொறி இருக்கிறது. தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, பசிக்கு 2, கவனத்துக்கு 2 என்று ஒருவர் குறித்தால் மொத்தம் 10 ஆகிவிடும். முதல் இரண்டு கேள்விகளான ஈடுபாடின்மைக்கும் வாடிய மனத்துக்கும் அவர் பூஜ்யம் குறித்திருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் மிதமான மனச்சோர்வு. உண்மையில் நான்கு இரவுப் பணி. இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்தானது: மொத்தம் 7தான், ஆனால் சாவையோ தன்னைத் துன்புறுத்திக்கொள்வதையோ பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் 1. இவரை லேசானது என்று அனுப்பிவிடக் கூடாது. மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் முதல் இரண்டையும் ஒன்பதாவதையும் தனியே பாருங்கள். பின்பு தாளைக் கையில் வைத்துக்கொண்டே, அவர் 3 குறித்த இடங்களைப் பற்றி வாய்விட்டுப் பேசவையுங்கள்.

உயிராபத்தைக் கேட்டல்

ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யம் இருந்தாலும் நேரில் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. சுற்றிவளைக்காமல், அதே சமயம் படிப்படியாகப் போங்கள்: வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா, தூங்கி எழாமலே போய்விட்டால் நன்று என்று நினைத்ததுண்டா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா, எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கு ஏதேனும் எடுத்துவைத்திருக்கிறீர்களா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா. "தவறான முடிவு ஏதும் எடுக்க மாட்டீர்கள் அல்லவா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் உங்களைச் சங்கடப்படுத்தாமல் "இல்லை" என்று சொல்லிவிடுவார்.

மருத்துவமனை ஊழியரிடம் இந்த ஆபத்து கூடுதலாவதற்குக் காரணம், மருந்துகள் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும் அவற்றின் இயல்பு அவருக்குத் தெரிந்திருப்பதும். பணியிடத்திலிருந்து மருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். தூக்கமின்மையே தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடைய தனி ஆபத்துக் காரணி என்பதால், பல நாள் தூங்காதவரின் நிதானமான குரலை நம்பி அமைதியடைய வேண்டாம். எண்ணத்தோடு திட்டமோ தயாரிப்போ இருந்தால் மதிப்பீட்டின் மற்ற படிகளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள், அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள், அன்றே மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவிலோ ஒப்படையுங்கள், மருந்து அலமாரிச் சாவி அவர் கைக்கு வராதபடி ஏற்பாடு செய்யுங்கள். இரகசியத்தின் எல்லையைத் தொடக்கத்தில் சொல்லியிருந்தால், இப்போது அவருடைய ஒத்துழைப்போடே இவற்றைச் செய்ய முடியும்.

உடலும் பழக்கங்களும்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. தைராய்டு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின், வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போன்று தூக்கத்தைக் கெடுக்கும் மருந்துகளையும், கர்ப்பம், மகப்பேறு, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவற்றையும் விசாரியுங்கள். சுயமருத்துவத்தைக் கேட்கும் விதத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். "மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா?" என்றால் இல்லை என்பார். "தூங்குவதற்காகப் பலர் தாமே ஏதாவது போட்டுக்கொள்கிறார்கள், நீங்கள் எதை முயன்று பார்த்தீர்கள்?" என்றால் அல்பிரசோலம், சளி மருந்து, மது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபைன் வகை மாத்திரையைப் பல வாரங்கள் தொடர்ந்து எடுப்பவர், உங்கள் பேச்சைக் கேட்டு அன்றிரவே நிறுத்திவிட்டால் வலிப்பு வரக்கூடும். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

சேர்த்து எழுதுதலும் அடுத்த சந்திப்பும்

இப்போது டியூட்டி சார்ட், நாட்குறிப்பு, பேச்சு, மதிப்பெண்கள் ஆகியவை கையில் இருக்கின்றன. ஒரே பெயரைத் தேடி அவசரப்படாமல், ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று எழுதுங்கள்: எது முதலில் வந்தது, எது எதைக் கூட்டுகிறது, டியூட்டி மாறியபோது எது மாறியது, எது மாறவில்லை. மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்திருந்தால், மனம் தேறினால் தூக்கம் தானே சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் இரண்டையும் தனித்தனிச் சிக்கல்களாகக் குறிப்பதே சரி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை, தூக்கத்துக்கென்றே அமைந்த அறிதல்-நடத்தை சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. அதில் படுக்கை நேரத்தைக் குறைக்கும் கட்டம் வாகனம் ஓட்டுபவருக்கும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கும் ஆபத்தாகலாம் என்பதையும் பரிந்துரையில் சேர்த்துவிடுங்கள்.

வேலை செய்யும் தகுதியைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். கடந்த மாதம் மருந்தளவில் தடுமாறியதுண்டா, நோயாளியின் பெயர் மாறிப்போனதா, டியூட்டி முடிந்து வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்ததுண்டா என்று கேட்டு எழுதுங்கள். கண்ணயர்ந்தேன் என்றால், இரவுப் பணிக்குப்பின் வாகனம் ஓட்ட வேண்டாம் என்ற அறிவுரை அன்றைக்கே தரப்பட வேண்டும். மேலதிகாரிக்குக் கடிதம் தேவைப்பட்டால் நோயின் பெயர் இன்றி, "ஆறு வாரங்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்" என்பது போலத் தேவையை மட்டும் எழுதி, அனுப்புமுன் அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது சந்திப்பைச் சுமார் இரண்டு வாரத்தில் வையுங்கள். ஆபத்து எண்ணம் இருந்தால் சில நாட்களில். அளவுகோல்களைத் திரும்பக் கொடுக்கும்போது, டியூட்டிச் சுழற்சியில் முதல்முறை இருந்த அதே இடத்தில் அவர் இருக்கும் நாளாகப் பார்த்துக் கொடுங்கள். முதல்முறை ஆஃப் முடிந்த மறுநாளும் இரண்டாம்முறை மூன்றாவது இரவுப் பணிக்குப் பின்னுமாக அளந்தால் ஒப்பிட வழியில்லை. அதற்காகவே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் தேதியோடு, கடைசி இரவுப் பணி முடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதிவையுங்கள்.